பிறர் கூற்றில் எழுதும் கலை



தூத்துக்குடிக் கடற்கரையில் நின்று கிழக்கே நோக்கினால் நமக்குத் தெரிவது அலையும் அடிவானமும் மட்டுமே. ஆனால் அந்த நீர்ப்பரப்பின் அடியில் பாறைத் திட்டுக்கள் பல உள்ளன. இக்கரையில் வாழ்வோர் அவற்றைப் ‘பார்’ என்பர். அப்பார்களிலேதான் முத்துச் சிப்பிகள் விளைந்தன. கொற்கை முத்து என்று சங்கப் புலவர் போற்றியதும், பிற்காலத்தில் போர்ச்சுக்கீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஒருவர் பின் ஒருவராக இக்கரையை நாடி வரக் காரணமானவற்றுள் ஒன்றும் அதுவே. 1961 ஆம் ஆண்டுக்குப் பின் இங்கே பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. முத்தின் பெருமையைக் கூறுவது இன்று என் நோக்கம் அன்று. எழுதுவதைப் பற்றி ஒரு பாடத்தை முத்துக் குளித்த பெரியவர் ஒருவரிடம் நான் இளமையில் கற்றேன். அந்தப் பாடத்திற்கு வந்து சேரும் வழியில் நம் இலக்கிய வரலாற்றிலும் சிறிது உலாவி வரலாம் என்று எண்ணுகிறேன்.

சில திங்களுக்கு முன் கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “ஐயா, நண்பர்கள் சிலர் சேர்ந்து கணினியிலும் கைப்பேசியிலும் எழுத்தாலேயே வேடம் பூண்டு ஆடுகிறோம். ஒருவர் அரசர், ஒருவர் ஒற்றர், ஒருவர் வணிகர். ஒற்றர் ஒரு பத்தி எழுதுவார். அதைப் படித்துவிட்டு அரசர் மறுமொழி எழுதுவார். மேடையும் இல்லை, ஒப்பனையும் இல்லை. எழுத்து ஒன்றுதான். இந்த ஆட்டத்தில் நல்ல எழுத்தாளர் என்று யாரைச் சொல்வது? சொல்வளம் மிகுந்தவரையா? நீளமாக எழுதுபவரையா? விரைந்து எழுதுபவரையா?”

கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. விளையாட்டுத்தானே என்று தள்ளிவிட மனம் வரவில்லை. மேல்நாட்டில் இந்த ஆட்டத்தின் வரலாறு நெடியது அன்று. 1974 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டனர். மேசையைச் சுற்றி அமர்ந்து ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகப் பேசும் ஆட்டம் அது. 1978 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்னும் மாணவர்கள், பலர் ஒரே வேளையில் கணினி வழியாக நுழைந்து எழுத்தாலேயே உலவக்கூடிய கற்பனை உலகம் ஒன்றை அமைத்தனர். இன்று நம் மாணவர் ஆடும் ஆட்டம் அவ்வழியில் வந்ததே. ஆயினும், தானல்லாத ஒருவராக நின்று, அவர் அறிந்ததை மட்டும் அறிந்து, அவர் சொல்லக்கூடியதை மட்டும் சொல்லும் கலை தமிழுக்குப் புதிதன்று. நம் மொழியின் மிகப் பழைய பாட்டே அந்தக் கலையில்தான் பிறந்தது.

அகப்பாடல்களை எண்ணிப் பாருங்கள். அவற்றுள் புலவர் தம் வாயால் பேசுவதில்லை. தலைவி பேசுவாள், தோழி பேசுவாள், தலைவனும் செவிலியும் நற்றாயும் பேசுவர். ஒருவர் பேசும் அப்பேச்சுக்குக் ‘கூற்று’ என்று பெயர். தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுளின் உறுப்புக்களாக 34 கூறுகளை எண்ணினார். எழுத்தும் அசையும் சீரும் அடியும் அவற்றுள் அடங்கும் என்பது எல்லோரும் எதிர்பார்ப்பதே. ஆனால் அவ்வரிசையில் கூற்று என்பதும் ஓர் உறுப்பு. கேட்போர் என்பதும் ஓர் உறுப்பு. பேச்சு நிகழும் இடமாகிய களன், அது நிகழும் காலம், அதனால் விளையும் பயன், உள்ளத்து உணர்ச்சி புறத்தே தோன்றும் மெய்ப்பாடு ஆகியனவும் உறுப்புக்களே. இவற்றோடு எச்சம், முன்னம் என இரண்டையும் அவர் சேர்த்துள்ளார். சொல்லாமல் விட்டதைக் கேட்பவர் தாமே நிரப்பிக்கொள்ளுமாறு அமைப்பது எச்சம். இந்த இடத்தில் இந்தச் சொல்லை இவர் இவருக்குச் சொல்வதே பொருந்தும் என்று கேட்பவர் உய்த்துணருமாறு அமைப்பது முன்னம்.

ஓசையும் அடியும் போலவே, கேட்பவர் ஒருவர் இருக்கிறார் என்னும் நினைவும் செய்யுளின் உடம்பில் ஓர் உறுப்பு என்று அந்த ஆசிரியர் கருதினார். ‘யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், எங்கே, எப்போது, எதற்காக, எதைச் சொல்லாமல் விடுகிறார்?’ என்னும் வினாக்களைக் கையில் வைத்துக்கொண்டு எழுதினால், வேடம் பூண்டு எழுதும் எவருடைய எழுத்தும் பாதிக்குமேல் திருந்திவிடும். மாணவருடைய கேள்விக்கு நம் முன்னோர் வைத்துவிட்டுப் போன முதல் விடை இது.

இதனை நெய்தல் நிலத்துப் பாட்டிலேயே காணலாம். ஐங்குறுநூற்றில் நெய்தல் பற்றிய நூறு பாடல்களைப் பாடியவர் அம்மூவனார். கொற்கைத் துறையும் அதன் முத்தும் அவர் பாட்டில் இடம்பெற்றுள்ளன. அந்த நூறும் பத்துப் பத்தாகப் பகுக்கப்பட்டுள்ளது. முதல் நான்கு பத்துக்களின் பெயர்களைக் கேளுங்கள்: தாய்க்கு உரைத்த பத்து, தோழிக்கு உரைத்த பத்து, கிழவற்கு உரைத்த பத்து, பாணற்கு உரைத்த பத்து. பேசுபவரால் அன்றிக் கேட்பவரால் இவை பெயர் பெற்றன. தாய்க்கு உரைக்கும்போது தோழி அடக்கத்தோடு, சொல்ல வேண்டியதை மட்டும் மெல்லச் சொல்கிறாள். அதே தோழி தலைவனிடம் பேசும்போது துணிந்து எள்ளி நகையாடுகிறாள். ஆள் ஒருத்தியே, கேட்பவர் மாறியதும் குரல் மாறுகிறது. இன்று வேடம் பூண்டு எழுதும் இளைஞர் பலரும் செய்யும் பிழை என்ன? தம் அரசன் யாரிடம் பேசினாலும் ஒரே முழக்கத்தோடு பேசுமாறு எழுதிவிடுகின்றனர். தாயிடமும் எதிரியிடமும் குதிரைக்காரனிடமும் ஒரே குரலில் பேசும் மனிதன் உலகத்தில் இல்லை. அத்தகைய பாத்திரம் எழுத்திலும் உயிர் பெறுவதில்லை.

அகப்பாட்டில் இன்னொரு மரபும் உண்டு. தலைவன் தலைவியரின் இயற்பெயரை அங்கே சுட்டுதல் கூடாது. பெயர் சொல்லிவிட்டால் அது ஒருவருடைய கதையாகிவிடும். சொல்லாத வரையில் கேட்பவர் எல்லோருடைய கதையுமாகும். இந்த மரபின் வழியே நின்ற புலவர் சிலர் தம் பெயரையும் இழந்தனர். குறுந்தொகையில் செம்புலப்பெயல்நீரார் என்று ஒருவர் இருக்கிறார். மீனெறி தூண்டிலார் என்று ஒருவர் இருக்கிறார். அவை பெற்றோர் இட்ட பெயர்கள் அல்ல. அவர்தம் பாட்டில் வந்த உவமையே அவர்களுக்குப் பெயராயிற்று. தலைவன் பேசிய சொல் இருக்கிறது. தலைவி பேசிய சொல் இருக்கிறது. பேசவைத்தவர் எங்கோ மறைந்து நிற்கிறார். எழுதும்போது தம்மைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்ற வேட்கை எழும்பொழுதெல்லாம் நான் அந்தப் புலவர்களை நினைத்துக்கொள்வதுண்டு.

இனிப் பொருநையாற்றின் கரைக்குச் செல்வோம். கொற்கை அவ்வாற்றின் முகத்துவாரத்தில் இருந்த துறைமுகம். ஆறு கொண்டுவந்த வண்டலால் கரை விரிந்து கடல் விலகியது; இன்று கொற்கை உள்நாட்டுச் சிற்றூர். அவ்வாற்றங்கரையிலே, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்திலே, ஆழ்வார்திருநகரி உள்ளது. நம்மாழ்வார் பிறந்த திருக்குருகூர் அதுவே. அவருடைய திருவாய்மொழி 1,102 பாசுரங்களைக் கொண்டது. நூறு பதிகங்களாக அமைந்தது. அந்த நூற்றுள் 27 பதிகங்களில் ஆழ்வார் தம் குரலில் பேசவில்லை. பெண்ணின் குரலில் பேசுகிறார். அவற்றுள் 17 தலைமகளின் பேச்சு. 7 தாயின் பேச்சு. 3 தோழியின் பேச்சு. இப்படி ஆழ்வார் பூண்ட பெண்நிலைக்குப் பராங்குச நாயகி என்று பிற்காலத்தார் பெயரிட்டனர்.

இவற்றுள் தாயின் கூற்றாக அமைந்த பதிகங்களை நான் பலமுறை படித்து வியந்ததுண்டு. நான்காம் பத்தில் நான்காவது பதிகத்தில் ஒரு தாய் தன் மகளின் நிலையை எடுத்துரைக்கிறாள். மகள் மண்ணைத் துழாவுகிறாள். இது வாமனன் அளந்த மண் என்கிறாள். வானத்தைத் தொழுகிறாள், அவன் இருக்கும் வைகுந்தம் என்கிறாள். கண்ணீர் மல்க நிற்கிறாள். தாய்க்கு இது விளங்கவில்லை. என் மகளை இப்படி ஆக்கியவனை நான் என் செய்வேன் என்று கலங்குகிறாள். இந்தப் பித்தின் உட்பொருள் ஆழ்வாருக்குத் தெரியாதா? பித்தே அவருடையதுதானே! ஆயினும் தாயாகப் பேசும்போது, தாய்க்குத் தெரியாததைத் தாமும் தெரியாதவராகவே நின்று பேசுகிறார். தாம் அறிந்ததைத் தாயின் வாயில் திணிக்கவில்லை. அதனாலேதான் தாயின் கலக்கம் நம்மைத் தொடுகிறது. ஒரே உள்ளம் தலைமகளாய் உருகவும், தாயாய் அஞ்சவும், தோழியாய் இடித்துரைக்கவும் வல்லதாயிற்று.

வேடம் பூண்டு எழுதுவோர்க்கு இரண்டாவது பாடம் இதுவே: பாத்திரம் அறியாததை எழுதுபவர் அறிந்திருக்கலாம், பாத்திரத்தின் வாயால் அதைச் சொல்லலாகாது. மதிலுக்கு அப்பால் ஒற்றர் ஒளிந்திருப்பதை ஆட்டத்தில் நீங்கள் படித்துவிட்டீர்கள். ஆனால் உங்கள் அரசர் அதைப் படிக்கவில்லை. அவர் மதிலைக் கடந்து செல்லட்டும், ஏமாறட்டும். அறிந்தும் அறியாதவராக நிற்கும் அந்தப் பொறுமை இல்லாவிட்டால் கதையில் வியப்பே எஞ்சாது.

இதுவரை நாம் கண்டது ஒருவரே பல குரலில் பேசியது. குரலும் எதிர்க்குரலும் மாறி மாறி வரும் நூல்களையும் பார்க்க வேண்டும். இக்கடற்கரையோடு தொடர்புடைய நூல் ஒன்றை முதலில் சொல்கிறேன். முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே பல்லாண்டு வாழ்ந்து தமிழ் கற்றவர் அண்டிரிக் அடிகளார் எனப்படும் என்றீக்கே என்றீக்கசு பாதிரியார். 1578 ஆம் ஆண்டில் அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் தமிழெழுத்தில் அச்சாயிற்று. அடுத்த ஆண்டு ‘கிரிசித்தியானி வணக்கம்’ கொச்சியில் அச்சாயிற்று. பின்னது ஆசிரியரும் மாணவரும் வினாவும் விடையுமாகப் பேசும் முறையில் அமைந்தது. கற்பிப்பதற்கு அம்முறை மிகவும் ஏற்றது. வினா எழும்போதே அதற்குரிய விடை இன்னதென்று வரையறுக்கப்பட்டிருக்கும். மாணவர் மறுத்துப் பேசுவதற்கோ, வேறு வழியில் செல்வதற்கோ அங்கே இடமில்லை. இடம் இருத்தல் அந்நூலின் நோக்கமும் அன்று. இரு குரல்கள் ஒலித்தாலும் வழி ஒன்றே என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அதற்கு நேர்மாறான ஒரு நூல். பொருநையும் சிற்றாறும் கூடும் சீவலப்பேரிப் பகுதிக்கு முக்கூடல் என்று பெயர். அவ்வூரின் மீது எழுந்ததே முக்கூடற்பள்ளு. ஆசிரியர் பெயர் உறுதியாகக் கிடைக்காத அந்நூலில் உழவர் ஒருவரும் அவருடைய மனைவியர் இருவரும் வருகின்றனர். மூத்தவள் முக்கூடலைச் சேர்ந்தவள், திருமாலை வணங்குபவள். இளையவள் மருதூரைச் சேர்ந்தவள், சிவபெருமானை வணங்குபவள். இருவருக்கும் பூசல் மூள்கிறது. ஒருத்தி ஒரு பாட்டில் மற்றவளின் கடவுளை ஏசுவாள். மற்றவள் அடுத்த பாட்டில் அதே அளவுக்குத் திருப்பித் தருவாள். இவளுடைய ஏச்சில் உள்ள சொல்லைப் பற்றிக்கொண்டே அவளுடைய ஏச்சு கிளம்பும். முடிவில் பூசல் தணிந்து இருவரும் ஒன்றாக வாழ இசைகின்றனர்.

நூல் முக்கூடல் அழகரைப் போற்ற எழுந்தது. ஆசிரியரின் சார்பு எப்பக்கம் என்பது வெளிப்படை. அவர் நினைத்திருந்தால் இளையவளின் வாயில் வலுவற்ற சொற்களை வைத்து, மூத்தவளை எளிதாக வெல்ல வைத்திருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. எதிர்ப்பக்கத்திற்கும் தம் திறமை முழுவதையும் வழங்கினார். நூற்றாண்டுகள் கடந்தும் அந்தப் பூசலைச் சைவரும் வைணவரும் ஒருங்கே சுவைக்கக் காரணம் அந்த நடுநிலையே. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியிலும் இந்த அழகு உண்டு. பிரிந்திருந்து கூடிய சிங்கன், சிங்கி அணிந்துள்ள அணிகள் ஒவ்வொன்றையும் கண்டு மிரண்டு கேட்கிறான். அவள் ஒவ்வொன்றுக்கும் அமைதியாக விடை தருகிறாள். அவனுடைய வினாவில் ஐயம் இருக்கிறது. அவளுடைய விடை அந்த ஐயத்தை ஒரேயடியாகத் தீர்த்துவிடுவதில்லை. அடுத்த வினா எழுவதற்கு ஏதேனும் ஒன்றை எஞ்ச விடுகிறது. வினாவும் விடையும் தொடர்ந்து செல்லும் வித்தை அதுதான்.

இரு குரலுக்கும் இரு ஆட்களே இருந்த வரலாறும் நம்மிடம் உண்டு. இளஞ்சூரியர், முதுசூரியர் என்னும் இரட்டைப் புலவர்களை நீங்கள் அறிவீர்கள். ஒருவருக்குக் கால் இல்லை. ஒருவருக்குக் கண் இல்லை. கண்ணில்லாதவர் காலில்லாதவரைத் தோளில் சுமந்து செல்வார். காலில்லாதவர் வழி காட்டுவார். பாடும்போதும் அப்படியே. ஒருவர் வெண்பாவின் முற்பாதியைப் பாட, மற்றவர் பிற்பாதியைப் பாடி முடிப்பார் என்பது வழிவழி வரும் செய்தி. குளத்தில் துணியை நீர் கொண்டுபோயிற்று என்ற துயரத்தோடு ஒருவர் தொடங்கிய பாட்டை, துணி போனாலும் துணையாக இறைவன் இருக்கிறான் என்று மற்றவர் முடித்த கதையைப் பள்ளியில் கேட்டிருப்பீர்கள். முற்பாதியைப் பாடுபவர் முழுவதையும் சொல்லித் தீர்த்துவிட்டால் பிற்பாதிக்கு என்ன வேலை? சப்பான் நாட்டிலும் இத்தகைய கூட்டுக் கவிதை உண்டு. ‘ரெங்கா’ என்னும் அந்தத் தொடர்கவிதையில் ஒருவர் சிறு செய்யுள் சொல்வார். அடுத்தவர் அதனோடு இணைத்துத் தம் செய்யுளைச் சொல்வார். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த பாசோ என்னும் பெருங்கவிஞர் அத்துறையில் வல்லவர். அங்கேயும் முதல் தகுதி, முன் வந்த செய்யுளைக் கூர்ந்து கேட்டலே.

எட்டயபுரத்துப் பாரதியாரையும் இங்கே நினைக்க வேண்டும். அவரும் இந்த மண்ணின் புதல்வர். 1917 ஆம் ஆண்டில் வெளிவந்த கண்ணன் பாட்டில் கண்ணனைத் தோழனாக, தாயாக, தந்தையாக, சேவகனாக, அரசனாக, சீடனாக, குருவாக, குழந்தையாக, காதலனாகப் பலவாறு கற்பனை செய்தார். கண்ணனுக்கு ஒரு வேடம் கொடுக்கும்போதெல்லாம் கவிஞரும் அதற்கு எதிர்வேடம் பூணுகிறார். கண்ணனைச் சீடனாக வைத்த பாட்டில் கவிஞர் ஆசிரியர் வேடம் பூண்டார். சீடனைத் தம் வழிக்குக் கொண்டுவர ஆன மட்டும் முயல்கிறார், அறிவுரை சொல்கிறார், சினந்துகொள்கிறார், ஒன்றும் பலிக்கவில்லை. முடிவில், அவனை ஆட்டிவைக்கும் எண்ணத்தைக் கைவிட்ட பிறகே அவன் சொன்ன பணியைச் செய்து முடிக்கிறான். தாம் பூண்ட வேடம் தோற்பதற்குக் கவிஞர் இடம் கொடுத்தார். ஆசிரியர் வென்றிருந்தால் அந்தப் பாட்டுக்கு அவ்வளவு சுவை இருந்திராது.

இனி என் கதைக்கு வருகிறேன். அது என் பிழையின் கதை.

நான் தூத்துக்குடியில் கல்லூரி மாணவனாக இருந்தபோது எனக்கு ஒரு நண்பன் இருந்தான். கடற்கரைத் தெருவில் அவன் வீடு. அவன் தந்தையார் சங்கு குளிப்பவர். 1961 வரை நடந்த முத்துக்குளிப்புக்களிலும் மூழ்கியவர். எழுத்தில் ஆர்வம் கொண்ட நாங்கள் இருவரும் ஒரு குறிப்பேட்டில் கதை எழுதத் தொடங்கினோம். நான் முத்து வணிகர். அவன் முத்துக் குளிப்பவர். ஒரு நாள் நான் வணிகராக ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பேன். மறுநாள் அவன் குளிப்பவராக ஒரு பக்கம் எழுதித் தருவான். இன்றைய மாணவர் கைப்பேசியில் ஆடும் ஆட்டத்தை நாங்கள் தாளில் ஆடினோம். இரண்டு திங்கள் குறிப்பேடு எங்கள் கைகளில் மாறி மாறிச் சென்றது. அந்நாட்களின் மகிழ்ச்சியை இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது.

ஒரு நாள் எனக்கு ஆவல் மிகுந்துவிட்டது. வணிகர் குளிப்பவரை ஏமாற்றும் கட்டம். குளிப்பவர் என்ன செய்வார் என்று நண்பன் எழுதுவதற்குக் காத்திராமல், அந்தக் குளிப்பவர் என் வணிகரின் காலில் விழுந்து கதறியழுவதாக நானே எழுதினேன். அவர் பேசும் பேச்சையும் நானே எழுதினேன். உருக்கமாக எழுதியதாக எனக்குப் பெருமை. என் நடைக்காகவே என்னை நான் பாராட்டிக்கொண்டேன். குறிப்பேட்டை நண்பனிடம் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து அவன் அதைத் திருப்பித் தந்தான். புதிய பக்கம் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. “எங்க அப்பா இப்படி அழ மாட்டாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

எனக்குச் சுருக்கென்றது. முதலில் சினமும் வந்தது. கதைதானே, அவன் தந்தையாரை நான் எங்கே எழுதினேன் என்று வாதாட எண்ணினேன். ஆனால் எண்ண எண்ண உண்மை விளங்கியது. கடலில் ஒரு முறைகூட மூழ்காத நான், மூழ்குபவர் ஒருவரின் துயரத்தை என் மனம்போல் புனைந்து, அவர் மகனிடமே படிக்கக் கொடுத்திருக்கிறேன். நான் எழுதியதில் இரக்கம் இருந்தது; அந்த மனிதர் இல்லை. அது மட்டுமன்று, நண்பனுக்கு உரிய பக்கத்தையும் நானே எடுத்துக்கொண்டேன். அவன் எழுதுவதற்கு அங்கே என்ன இருந்தது?

சில நாள் சென்றபின் மன்னிப்புக் கேட்பதற்காக அவன் வீட்டுக்குப் போனேன். அவன் வீட்டில் இல்லை. தந்தையார் வாயிலில் அமர்ந்து கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். என்னை அமரச் சொன்னார். பேச்சு முத்துக்குளிப்பின் பக்கம் திரும்பியது. முன்பு மூழ்கிய முறையை அவர் விளக்கினார். கல்லைக் கட்டிய கயிறு ஒன்று. சிப்பியைச் சேர்க்கும் பையோடு கூடிய கயிறு ஒன்று. கல்லின்மேல் கால் வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு மூழ்குபவர் இறங்குவார். தரையைத் தொட்டதும் கல்லைத் தோணியில் இருப்பவர் மேலே இழுத்துக்கொள்வார். கீழே இருப்பவர் ஏறக்குறைய ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பிகளை வாரிச் சேர்ப்பார். மூச்சு முட்டும்போது கயிற்றை அசைப்பார். தோணியில் இருப்பவர் அக்கணமே இழுத்தாக வேண்டும். மனைவியின் உடன்பிறந்தவனிடமே கயிற்றைக் கொடுப்பது வழக்கம் என்று இக்கரையில் சொல்வார்கள். தன் உடன்பிறந்தாளின் வாழ்வு அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்பதை அவன் மறக்க மாட்டான் அல்லவா?

“கயிறு பிடிக்கிறவங்களுக்கு என்ன தெரிஞ்சிருக்கணும் ஐயா?” என்று நான் கேட்டேன்.

“கை சும்மா இருக்கத் தெரியணும் தம்பி” என்றார் அவர். “கீழ இருக்கிறவன் அசைக்குமுன்ன இழுத்தா அவன் வெறுங்கையோட வருவான். அசைச்ச பிறகு இழுக்காட்டா வரவே மாட்டான். அவன் கடலுக்குள்ள என்ன செய்யுறான்னு மேல இருக்கிறவனுக்குத் தெரியாது. கைக்குத்தான் தெரியும்.”

என் குறிப்பேட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்து சொல்லியிருந்தால்கூட அவ்வளவு பொருத்தமாக இருந்திராது. நான் நண்பனை அவன் கயிற்றை அசைப்பதற்கு முன்பே இழுத்துவிட்டேன் என்பது எனக்கு அங்கே விளங்கியது. வீட்டிற்கு வந்ததும் என் பக்கத்தைக் கோடிட்டு அடித்தேன். அதன் கீழே, வணிகர் தராசைக் கீழே வைத்துவிட்டு, ‘நீர் என்ன சொல்கிறீர்?’ என்று குளிப்பவரைப் பார்த்துக் கேட்பதாக ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் குறிப்பேடு திரும்பி வந்தது. குளிப்பவர் அழவில்லை. வணிகரின் தராசில் இருந்த முத்தைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இதற்கு இன்ன விலை என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறார். நான் ஆயிரம் பக்கம் எழுதினாலும் அந்தக் குளிப்பவர் எனக்குக் கிடைத்திருக்க மாட்டார்.

நண்பர்களே, அந்த மாணவருக்கு நான் கூறிய விடையை உங்களுக்கும் தொகுத்துக் கூறிவிடுகிறேன். முதலாவது, கேட்பவரை அறிந்து பேசுதல். அம்மூவனாரின் தோழி அதைக் கற்பிக்கிறாள். இரண்டாவது, பாத்திரம் அறிந்ததன் எல்லைக்குள் நிற்றல். நம்மாழ்வாரின் தாய்ப்பாசுரம் அதற்குச் சான்று. மூன்றாவது, எதிர்க்குரலுக்கும் முழு வலிமை தருதல். முக்கூடலின் மருதூர்ப் பெண்ணைப் பாருங்கள். நான்காவது, தன் பாத்திரம் தோற்கவும் இடங்கொடுத்தல். பாரதியாரின் ஆசிரியர் அதற்கு வழிகாட்டி. ஐந்தாவது, அடுத்தவர் எழுதுவதற்கு ஏதேனும் விட்டுவைத்து, அவர் எழுதும் வரையில் காத்திருத்தல். சொல்வளமும் நீளமும் விரைவும் வேண்டாம் என்று நான் கூறவில்லை. அவை முத்தின் மெருகு போன்றவை. இவை ஐந்தும் இருக்குமிடத்தில் அவை அழகு செய்யும். இல்லாதவிடத்தில் அவற்றால் ஆவது சிறிதே.

இந்த ஐந்தும் ஆட்டத்திற்கு மட்டும் உரியவை என்று எண்ணிவிடாதீர்கள். நம் நாட்டில் பல தொழிலினர், பல சமயத்தினர், பல மொழியினர் அடுத்தடுத்து வாழ்கின்றோம். அடுத்த வீட்டாரின் வாயில் நாம் எத்தனை சொற்களைத் திணிக்கிறோம்! அவர் இப்படித்தான் நினைப்பார், இப்படித்தான் அழுவார் என்று நாமே எழுதி முடித்துவிடுகிறோம். அவர் பக்கத்தை அவரிடமே விட்டு, ‘நீர் என்ன சொல்கிறீர்?’ என்று கேட்கும் பழக்கம் எழுத்தில் வந்தால், வாழ்விலும் வரக்கூடும் என்பது என் நம்பிக்கை.

அந்தக் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. கதை முடியவில்லை, படிப்பு முடிந்து நாங்கள் வேறு வேறு ஊர்களுக்குச் சென்றோம். கடைசியாக எழுதியவன் நான். அதன் பின்னே கோடிட்ட வெற்றுத் தாள்கள் ஒன்பது உள்ளன. அவை என் நண்பனுக்கு உரியவை. ஆதலால் இன்றுவரை நான் அவற்றில் எதையும் எழுதவில்லை.